மூணு வால் பூச்சி

அண்ணி: ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க.

அண்ணன்: எந்தக் கண்ணை?

அண்ணி: எதையாவது மூடுங்க... ஐயோ, லென்ஸ்ல மூக்கு இடிக்குது! இப்போ தெரியுதா?

அண்ணன்: ஏதோ புழு. காலை ஆட்டுது. இதுக்காகவா ஸ்கூல் வேனை ரோட்டுல நிறுத்திட்டு உன் லேபுக்கு ஓடி வரச் சொன்னே?

தம்பி: தள்ளுங்கண்ணே, நான் பாக்குறேன்... அண்ணி! மூணு வால்!

அண்ணி: மூணு வாலேதான் தம்பி!

அண்ணன்: மூணு இருந்தா என்ன, முப்பது இருந்தா என்ன?

அண்ணி: தண்ணி கெட்டா முதல்ல சாகுறது இந்தப் பூச்சிதாங்க. நம்ம வீட்டுக்குப் பின்னாடி ஓடையில காலையில பிடிச்சேன். ஆறு வருஷமா ஒண்ணுகூடக் கண்ணுல படல. இப்போ மூணாவது மாசமா வரிசையாக் கிடைக்குது.

அண்ணன்: மூணு மாசம்னா... ஓடையை மூடுறதைப் பத்தி நகராட்சியில ஏதோ சொன்னாங்களே?

அண்ணி: அதேதான். மூணு மாசம் தொடர்ந்து ஓடையில உயிர் இருக்குன்னு காட்டணும், இல்லைன்னா மேல கான்கிரீட் போட்டுச் சாக்கடையாக்கிடுவோம்னாங்க. ரிப்போர்ட் கொடுத்தேன். இப்பத்தான் போன் வந்துச்சு. மூடமாட்டாங்களாம்!

அண்ணன்: நிஜமாவா? அடியேய், ஜெயிச்சுட்டே! அந்தச் சாயப்பட்டறைக்காரன் சாயத் தண்ணியை ஓடையில விட்டுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடினான்... இன்னிக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ணிட்டுல்ல வெளிய விடுறான்!

அண்ணி: ஆரம்பத்துல என் மண்டைக்கு எட்டலீங்க. வாராவாரம் திங்கக்கிழமைதான் போய்த் தண்ணி எடுப்பேன். பளிச்சுன்னு இருக்கும். நான் வர்ற நாள் தெரிஞ்சு, அன்னிக்கு மட்டும் குழாயை மூடி வெச்சிருக்கான்.

அண்ணன்: அப்புறம் பிடிச்சே பாரு! பதினேழு தடவை. அவன் சாயத் தண்ணியைத் திறந்த பத்தாவது நிமிஷம் பாட்டிலோட போய் நின்னே. எப்படித்தான் தெரிஞ்சுதோ.

அண்ணி: அது... ஒரு ஊகம்தாங்க.

தம்பி: ஆமா... ஊகம்.

அண்ணன்: நீ பேசாதடா. அதே பட்டறையில சம்பளம் வாங்கிக்கிட்டு!

தம்பி: நான் பாய்லர்காரன் அண்ணே. என்னை ஏன் இழுக்குறீங்க?

அண்ணன்: நல்ல நாளும் அதுவுமாச் சொல்லக் கூடாது. ஆனா மனசுல கிடந்து உறுத்துது. ராத்திரிச் சமையல் இவளோடது, பகல் சமையல் என்னோடது. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உனக்கு டிபன்பாக்ஸ் கட்டினேன். நீ பட்டறையில இருந்து போன் போட்டு, "அண்ணி, சாப்பாட்டுல உப்பு கரிக்குது"ன்னு இவகிட்டக் கோள் மூட்டுறே. ஒரு தடவையா, ரெண்டு தடவையா...

தம்பி: பதினேழு தடவை.

அண்ணன்: எண்ணிக்கை வேற வெச்சிருக்கான் பாரு, கொழுப்பு! பதினேழு... இரு. இருடா. பதினேழா?

அண்ணி: சொல்லிடு தம்பி. பட்டறையில இருந்த அந்த மேனேஜர்தான் வேலையை விட்டுப் போயிட்டாரே.

தம்பி: பாய்லர் பக்கத்துலதான் சாயத் தண்ணியைத் திறந்துவிடுற வால்வு இருக்குண்ணே. திறந்தா எனக்குச் சத்தம் கேக்கும். ஆனா உள்ள செல்போன் விடமாட்டாங்க. மேனேஜர் மேஜையில ஒரே ஒரு போன். அவர் மூஞ்சிக்கு நேரா நின்னுதான் பேசணும்.

அண்ணன்: அப்போ உப்பு கரிக்குதுன்னா...

அண்ணி: குழாயைத் திறந்துட்டாங்க, ஓடி வாங்கன்னு அர்த்தம்.

அண்ணன்: அடப்பாவிகளா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?

அண்ணி: உங்க வாயில எது தங்கும்? சாயங்காலத்துக்குள்ள வேன்ல இருக்கிற அத்தனை பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

அண்ணன்: மாட்டியிருந்தா உன் வேலை போயிருக்குமேடா...

தம்பி: வேலை மட்டுமா? ரெண்டு பல்லும் சேந்து போயிருக்கும்.

அண்ணன்: என் தம்பிடா நீ! இங்க வா... ஆனா ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. நீ சொன்னதை நம்பி ரெண்டு வருஷமா உன் டப்பாவுல மட்டும் உப்பைக் கொறைச்சுக்கிட்டே வந்தேன். கடைசியில போடவே இல்ல. அப்பவும் கரிக்குதுன்னே. நிஜமா என் சமையல் எப்படிடா இருந்துச்சு?

தம்பி: எனக்கு எப்படிண்ணே தெரியும்? என்னிக்குத் திறப்பாங்கன்னு தெரியாது. மேனேஜர் சந்தேகப்பட்டு ஒரு வாய் எடுத்துப் பாத்துட்டாருன்னா? மூணு தடவை பாத்தாரு, துப்பினாரு. அதனால டப்பாவைத் திறந்த உடனே தினமும் ஒரு கை உப்பை அள்ளிக் கலந்துடுவேன். ரெண்டு வருஷமா உங்க கைச் சமையலை நான் ருசி பாத்ததே இல்லண்ணே... வாங்க, வீட்டுக்குப் போய் இன்னிக்குச் சமைச்சுப் போடுங்க, சாப்பிட்டுட்டுச் சொல்றேன்.