கொட்டகை காலியாகும் நாள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காள் கணவரோடு கறிக்கோழிப் பண்ணையில் வேலை பார்ப்பவர்.

“மவ நிச்சயத்துக்குக் கோழி கம்பெனியக் கேட்டுத்தான் நாள் குறிச்சோம்,” என்றார் அக்காள்.

“ஜோசியரக் கேக்கலியா?”

“கோழிய லாரில ஏத்தி கொட்டாய் காலியானாத்தானே எங்களுக்கு லீவு. ராவும் பகலும் வேலை, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சம்பளம்.”

“ஏத்தியாச்சா?”

“கோழி வெல எறங்கிருச்சாம், கம்பெனி லாரி அனுப்பல. நாளைக்கு மவளுக்கு நிச்சயம். ஒருத்தர் கொட்டாயில இருந்தே ஆவணும்.”

“மாமாவ இருக்கச் சொல்லு.”

“தட்டு மாத்த அவரு வேணுமே. நான் இருந்துக்கறேன்.”

அக்காள் மடியிலிருந்த துணிப்பையைத் தங்கையிடம் நீட்டினார். “எனக்கு எடுத்த சேலைடி. நீ கட்டிக்கிட்டு மவ பக்கத்துல நில்லு.”

அடுத்த நிறுத்தத்தில் பண்ணைக்குப் போக அக்காள் இறங்கிக்கொண்டார்.