பாய்லர் வாசலில் வைத்த செருப்பு

ஆற்றுப் பாலம் இடிந்து ரயில் நின்றுபோன வருஷம் எனக்கு இருபத்து நாலு வயது. அதை வைத்து இப்போதைய வயதைப் போட்டுக்கொள்ளவும். மூடிக்கிடக்கும் சாய ஆலைக்குப் பின்தெரு, கடைசி வீடு, அண்ணி குடும்பத்துக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன்.

அந்த வருஷம்தான் ஆலையில் பாய்லர் வெடித்து, கரி தள்ளிக்கொண்டிருந்த என் அண்ணன் செத்தார். அதன்பிறகு அண்ணி வாரம் ஒருநாள் பாய்லர் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். மகள் ஃபோன் வாங்கிக் கொடுத்த பிறகு, அங்கிருந்தபடியே, ‘இன்னிக்கும் வந்துட்டேன், முட்டிதான் சொன்ன பேச்சு கேக்கல’ என்று அண்ணனுக்கு எழுதிப் போட ஆரம்பித்தார். ஊரே படிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

என் பேரில் புகார் கொடுத்திருக்கும் போட்டோக்காரர், ஃபோனில் யார் எந்த இடத்திலிருந்து என்ன எழுதினார்கள் என்று தேடி, அங்கே போய்ப் படமெடுத்து, எழுதினதை அடியில் அச்சடித்துக் காட்சி வைப்பவர். அண்ணி எழுதினதையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். வெறும் வாசல் போதவில்லை போலும். எங்கிருந்தோ தேய்ந்த செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்து வைத்து எடுத்திருக்கிறார். அண்ணன் காலில் என்ன மிஞ்சியது என்று துணியில் அள்ளிக் கட்டிய எனக்குத் தெரியும்.

அதன்பிறகு கூட்டம் வந்தது. ஆளுக்கொரு செருப்பைப் போட்டு, பக்கத்தில் குந்தி, முகத்தைத் தொங்கப்போட்டுப் படம் பிடித்து, முடிந்ததும் இளித்துக்கொண்டே ஜூஸ் டப்பாவை அங்கேயே எறிந்துவிட்டுப் போனார்கள். போன வாரம் உட்கார இடமில்லாமல் நின்ற அண்ணியிடம் ஒரு பெண், “பாட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன், படத்துல விழுறீங்க” என்றாள். அண்ணி, “தெரியலம்மா” என்று சொல்லி நகர்ந்தார். திரும்பும்போது என்னிடம், “இனிமே அங்க வரல தம்பி, நாறுது” என்றார்.

அதன்பிறகு நான் காட்சி மண்டபத்துக்குப் போய்ப் படத்தை இறக்கச் சொன்னேன்.

“ஐயா, இது உங்க அண்ணிக்குச் செய்யுற மரியாதை. எத்தன பேர் பாத்து அழுறாங்க தெரியுமா?”

“அழுறதுக்கு அவனவன் வீட்டுல ஆள் இல்லையா?”

“அப்படியே நில்லுங்க, ஒண்ணு எடுத்துக்கறேன். கோவம் உங்களுக்கு அம்சமா இருக்கு.”

அதன்பிறகு, சாக்கில் அள்ளிப் போயிருந்த செருப்புகளை அவர் காலடியில் கொட்டினேன். படத்தை இறக்கி மிதித்தேன். கண்ணாடி குத்தியது என் காலில்தான். அவரை அடிக்கவில்லை; தொடக் கூசியது.

ஸ்டேஷனில் எழுதினதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னதுக்குக் கூடவும் இல்லை குறையவும் இல்லை, கைநாட்டு வைக்கிறேன். பாய்லர் வெடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் யார் என்று கேட்டதற்கு: மேஸ்திரி போய்விட்டார், எண்ணெய் போடுகிறவர் போன மழையில் போனார், நான் அன்று வேறு ஷிப்டு. மிச்சம் உயிரோடு இருப்பது, சாப்பாட்டுக் கேரியரோடு அந்த வாசலில் நின்றிருந்த என் அண்ணி.