பட்டனை அமுக்கினால்தான் வருமாம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவருக்கு அறுபது வயது இருக்கும். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி.

"பட்டன அமுக்கினாதான் மூத்திரம் வருமாம் மச்சான்" என்றார் பெரியவர்.

"இன்னா மாமா சொல்றீங்க? எங்க வைப்பாங்க?"

"விதைப்பைக்குள்ள. வெளியில தெரியாதாம். புராஸ்டேட் ஆபரேஷன்லேர்ந்து எனக்கு ஒழுகிக்கினே இருக்குது. யாருகிட்டயும் சொல்லல. கம்மியா ஒழுகினா நாடா மாதிரி ஒன்னு வச்சி மூத்திரக் குழாய தூக்கிக் கட்டிடுவாங்களாம். எனக்கு ஜாஸ்தி. அதனால குழாய சுத்தி வளையம் போட்டு இறுக்கணுமாம். போவணும்னா பட்டன அமுக்கணும், வளையம் தளரும்."

"அப்போ மோட்டார் கொட்டாயில போய் படுத்துக்கினு இருக்கறது இதுக்குத்தானா?"

"பாயெல்லாம் நனையுது. உங்க அக்கா பக்கத்துல எப்படி படுக்கறது?"

மச்சான் அவர் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க வேற ஒருத்திய சேத்துக்கினீங்கன்னு அக்கா எங்க வீட்டுக்கு வந்து அழுதுட்டுப் போச்சி."

பெரியவர் திகைத்துப்போய் அவரையே பார்த்தார். மயிலம் கூட்ரோடு தாண்டியது. பிறகு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"வள்ளி, எனக்கு மூத்திரம் அடங்கலடி. அதான் தள்ளிப் படுத்தேன். வேற ஒன்னும் இல்ல."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"அழுவாத. அடுத்த வாட்டி டாக்டர்கிட்ட நீயும் வா."