டேப் ஒட்டிய அறை

"நீ தூங்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பியா, மூடி வைப்பியா?"

என் தோழியின் சித்தி ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டாள். மூடித்தான் வைப்பேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் இதைச் சொன்னாள். விளக்கு அணைந்தே இருக்கட்டும்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

மாலை ஏழு மணி. மழை விட்டும் விடாமல் தூறுகிறது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து சித்தி நடந்து வருகிறாள். கடைசித் தெரு. ஒரு பக்கம், பூட்டிக் கிடக்கும் ஐஸ் தொழிற்சாலையின் நீளச் சுவர். மறுபக்கம் தேங்கிய தண்ணீர். எதிரே ஆள் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் கேட்டது. குர்ர்... குர்ர்... அவள் மகளின் நெஞ்சு. ஆறு வயது. இழுப்பு. அந்தச் சத்தத்தை வைத்து அவள் அப்பா அவளைப் புறா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று புறாவின் உதடு நீலமாகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டு, மூச்சு நிதானப்பட்ட பிறகு டாக்டர் சொன்னார்: "மருந்து நான் குடுப்பேன். அவ படுக்கிற ரூம்ல இருக்கிற காத்த யார் சரி பண்றது? அடுத்த தடவை இங்க வந்து சேர நேரம் இருக்காது."

தரைத்தளத்தில் பின்பக்கத்து இரண்டு அறைகள், அதுதான் வீடு. கட்டில் பக்கத்துச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. பீரோவைத் திறந்தால் ஈரச் சாக்கு நாற்றம். சித்தப்பா ஏசி மெக்கானிக் வேறு. "ஊருக்கெல்லாம் குளுகுளுன்னு காத்து விடறவரு, சொந்த வீட்டுல காளான் வளக்கிறாரு" என்பாள் மாடி வீட்டு அக்கா. "சமையலுக்கு வேணும்னா பறிச்சுக்கோ" என்று அவரும் சிரிப்பார். டாக்டர் சொன்னதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

சுவரைச் சுரண்டி, மருந்து போட்டுக் கழுவினார். பீரோவைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார். சமையலறையில் புகை வெளியேற மின்விசிறி மாட்டினார். உள்ளே கட்டியிருந்த துணிக்கொடியை அறுத்து எறிந்தார். கடைசியாக, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கும் பழைய மெஷின் ஒன்றைப் பழுது பார்த்துக் கொண்டுவந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மீன் வைக்கும் குளிர் அறைகளில் வேலை பார்த்த ஆள். வெளிக்காற்று புகுந்தால் குளிர் போய்விடும் என்று அங்கே பொட்டு இடைவெளிகூட விடமாட்டார்கள். அதே பழக்கத்தில் படுக்கை அறையின் ஜன்னல் விளிம்பு, பல்லி நுழையும் ஓட்டை எல்லாவற்றிலும் டேப் ஒட்டினார். கதவுக்கு ரப்பர் பட்டை.

முதல் வாரம் மெஷினின் தொட்டி வழிய வழியத் தண்ணீர். சுவர் குடித்து வைத்திருந்த தண்ணீர் என்றார். நாளாக ஆகக் குறைந்தது. புறா ராத்திரி முழுக்கத் தூங்கினாள். ஓடி விளையாடினாள்.

பிறகு தண்ணீர் திரும்பவும் ஏறியது. குழாய் ஒழுகவில்லை. சுவர் காய்ந்திருந்தது.

சித்தப்பாவின் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்க வேண்டி வந்தது. மெஷினை ஓடவிட்டு, அறையைப் பூட்டிவிட்டு, புறாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பிவந்து பூட்டைத் திறந்தால், தொட்டி நிரம்பி மெஷின் தானாக நின்றிருந்தது. சிவப்பு விளக்கு மட்டும்... ஆள் தூங்கி எழுந்த அறையில் இருக்குமே ஒரு வெதுவெதுப்பு, அந்த வாசனை. ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கம், தட்டு அளவுக்கு வட்டமாகப் பனித்திருந்தது. புறாவின் உயரத்தில்.

அவர்கள் பார்க்கும்போதே அந்த வட்டம் சுருங்கியது. பிறகு பெரிதானது. சுருங்கியது... பெரிதானது.

சித்தப்பா டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்துவிட்டார். விடிவதற்குள் புறாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. சித்தியே எழுந்துபோய் ஜன்னலை மூடி, புது டேப் ஒட்டினாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். சோப்புத் தண்ணீரில் ஊறிய கைக்கு எதுவும் உறைக்காதே, மனசும் அப்படித்தான் இருந்தது என்றாள். அன்று கணவனிடம் சொன்னது இவ்வளவுதான்:

"எம்பொண்ணுக்கு மூச்சு வந்தா போதும். இன்னொண்ணு கூட இருந்து மூச்சு விட்டா விட்டுட்டுப் போகட்டும்."

அதன்பின் இழுப்பே வரவில்லை. டாக்டர்கூட ஆச்சரியப்பட்டார். மாடி வீட்டு அக்கா தன் வீட்டுக்கும் ஒரு மெஷின் கேட்டாள்.

ஒரு விடுமுறை நாள். மத்தியானம். வெளியே நல்ல மழை. சித்தி மகளை அணைத்துப் படுத்திருந்தாள். சித்தப்பா கட்டில் ஓரம் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெஷின் நின்றிருந்ததால் அறை அமைதி. புறாவின் மூச்சு சீராகக் கேட்டது. இழுத்து... விட்டு... இழுத்து... விட்டு. கேட்கக் கேட்க நிம்மதி.

ஆனால் அது ஜன்னல் பக்கமிருந்து வந்தது.

சித்தி மகளின் நெஞ்சில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஏறவில்லை. இறங்கவில்லை. எவ்வளவு நேரம் வைத்திருந்தாளோ... ஜன்னல் பக்கம் மூச்சு மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் எழுப்பினால் இவள் எழுந்து, பசிக்குது என்பாள். சிரிப்பாள். இத்தனை நாளும் அப்படித்தான் எழுந்தாள்; இன்றும் எழுவாள் என்று சித்திக்குத் தெரியும்.

"இங்க வாங்க. கைய வச்சுப் பாருங்க" என்றாள் கணவனிடம், மெதுவாக.

அவர் வந்து வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். ஒருமுறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கதவைத் திறந்து, ரப்பர் பட்டை உரசாமல் திரும்ப மூடி, மழையில் இறங்கிப் போனார்.