நின்றுபோன காற்றும் பேசி முடிக்காத கிண்ணமும்

அவைக்குத் தலைமை தாங்கும் நகரத் தலைவி அவர்களே, வானைச் செவிமடுத்தே தலை நரைத்த பெரியோர்களே, பாலைவன வெயிலோடு மல்லுக்கட்டி மக்களை வளர்த்த தாய்மார்களே, வணக்கம்!

நான் யூசேபியோ அர்மென்டா. எழுத்தறியாதவன்; விண்கலங்களோடு பேசும் நம் நிலையத்தில் அடுப்படி காத்தவன். வெர்னா ஹால்வர்சனை இன்று மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். அவர் பட்ட ஒரு பாட்டை மட்டும் சொல்கிறேன்.

கதிரவனிடமிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. மின்னேறிய துகள்களின் காற்று, பிளாஸ்மா என்பார்கள். அது எங்கே ஓய்கிறது? எல்லை எது? எல்லைக்கு அப்பால் என்ன? அதை அளக்க, இளம்பெண்ணாயிருந்த வெர்னா, அத்துகள்களை ஏந்தி எண்ணும் ஒரு கருவியை, ஒரு கிண்ணத்தை, செய்து தொலைதூரம் போகும் விண்கலத்தில் ஏற்றினார். கிழவியாகும்வரை காத்திருந்தார்.

கலத்தில் மின்சாரம் வற்றியது. கருவிகளை ஒவ்வொன்றாய் அணைத்தார்கள். ஒருநாள் காலை, கிண்ணம் அனுப்பும் எண்கள் சரிந்து, சரிந்து, சூனியத்தைத் தொட்டன. மேலாளர் ராய்ஸ் என் அடுப்படியில் நின்றே தீர்ப்புச் சொன்னார்.

“கிண்ணம் செத்துப்போச்சு வெர்னா. பொணத்துக்கு எதுக்குக் கம்பளி? சூடேத்திய நிறுத்தப்போறேன்.”

“கிண்ணம் சாகல. காத்துதான் நின்னிருக்கு. ஒருநாள் பொறு.”

பொறுத்தாரா? இல்லை! அணைப்புக் கட்டளை பறந்தது. கலத்துக்குக் கட்டளை போனால், ராசிக்கென்று கடலை ஜாடி கைமாறுவது நம் வழக்கமல்லவா? பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், நீங்களும் கொறித்தவர்கள்தாம். அன்று வெர்னா ஜாடியைத் தொடவில்லை.

மாலையில் இன்னொரு கருவியின் கணக்கு வந்தது. எல்லைக்கு வெளியிலுள்ள துகள்கள் வெள்ளமாய்ப் பெருகியிருந்தன. காற்று நின்றது மெய்! கலம் எல்லை கடந்தது மெய்! கிண்ணம் உயிரோடிருந்தது மெய்! ராய்ஸ் உடனே மறுகட்டளை அனுப்பினார். ஆனால், ஒளியின் வேகத்தில் முந்திப் போன சொல்லைப் பிந்திப் போன சொல் பிடிக்குமா? குளிர்ந்த கிண்ணம் மீண்டும் விழிக்குமா?

கட்டளை போய்ச்சேர முக்கால் நாள். சேர்ந்தது, கிண்ணம் அணைந்தது. அணையுமுன் அனுப்பிய எண்கள் இங்கு வந்துசேர இன்னொரு முக்கால் நாள். அந்த எண்களில், எல்லைக்கு அப்பாலுள்ள பிளாஸ்மா மெல்ல மெல்லத் தெரிந்தது. குளிர்ச்சியானது, அடர்த்தியானது, அதுவரை எவரும் அறியாதது.

எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த ராய்ஸ் தாங்கமாட்டாமல் எழுந்தார்.

“உக்காரு ராய்ஸ்,” என்றார் வெர்னா. “அது செத்தாச்சு. ஆனா இன்னும் பேசி முடிக்கல.”

கடைசி எண் வந்தது. பிறகு வெறும் இரைச்சல். வெர்னா ஜாடியை இழுத்தார். ஒரு கடலையை உடைத்து, பாதியை ராய்ஸின் கையில் வைத்தார். இருவரும் மென்றார்கள்.

அதே ராய்ஸ் இதோ முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கிறார். அதே ஜாடி இதோ இந்த மேசையில் இருக்கிறது. வெர்னா அளந்ததை இனிமேல்தான் படிக்கப்போகும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஆகவே அவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஆளுக்கொரு கடலை எடுத்துக்கொண்டு, சற்றுநேரம் அப்படியே அமர்ந்திருங்கள்.

செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வணக்கம்.