எமெட் காலூன்றிய இடம்

ஈரத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. புல்லை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், கோடு யார் வேண்டுமானாலும் போடலாம். களிமண் அப்படியில்லை. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அதைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் தெரிந்துகொள்ள முடியும். முப்பத்தொரு வருஷமாக இந்த ஊர் பேஸ்பால் மைதானத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெர்ன் ஹாலக் என்று எழுதிக்கொள்ளுங்கள். காபிக்கு நன்றி, சர்க்கரை போதும்.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் என்றீர்கள். அதனால் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய லீகில் அணி வைத்திருக்கிற ஊர்களிலேயே எங்களுடையதுதான் சிறியது. டயர் தொழிற்சாலை மூடிவிட்டது. விமான நிலையத்தில் ஒரு நாளைக்கு நாலு விமானம் வந்தால் அதிகம். எங்களிடம் இருப்பது ரிவர்மென் அணி ஒன்றுதான், அதிலும் நல்ல ஆட்டக்காரன் ஆறு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. ஆறு வருஷம் ஆடி முடித்துவிட்டால் அவன் தன் இஷ்டப்படி எந்த அணிக்கும் போகலாம் என்பது லீக் விதி. போய்விடுவார்கள். நாங்கள் வளர்த்துவிடுவோம், பெரிய ஊர்க்காரன் கொத்திக்கொண்டு போவான். இதில் யார்மேலும் கோபப்பட முடியாது, மழைமேல் கோபப்பட முடியுமா?

மைதானத்துக்கு எதிரே லொரெய்னின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் எங்கள் ஆட்டக்காரர்களின் படங்களை மாட்டியிருப்பாள். ஊரை விட்டுப் போனவனின் படத்தைக் கழற்றி, கழிப்பறைக்குப் போகிற சந்தில் மாட்டிவிடுவாள். நான் கணக்காகப் பார்த்திருக்கிறேன், சந்தில் எட்டுப் படங்கள். அவர்களில் ஒருவன் பெயரில் இந்த ஊரில் ஒரு தெருவே இருக்கிறது.

எமெட் ஸ்வோபோடா நெப்ராஸ்கா பண்ணை வீட்டுப் பையன். இருபது வயதில் எங்களிடம் வந்தான். இடது கையால் பந்து வீசுவான். அவன் வீசும்போது எதிரே மட்டையோடு நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பந்து வீசுகிறவன் ஒரு மண்மேட்டின்மேல் நின்றுதான் வீசுவான், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மேடு என் பொறுப்பு. அடுத்த நாள் வீசப்போகிறவன் முந்தின நாள் என்னோடு வந்து மேட்டில் நின்று பார்த்து, இங்கே கெட்டியாக வேண்டும், அங்கே கொஞ்சம் இளக்கு என்று சொல்வது வழக்கம். மற்றவர்கள் ஷூவோடு நிற்பார்கள். எமெட் வெறுங்காலோடு நிற்பான்.

“பெருசு, என் கல்யாணத்துல போட்ட கார்ப்பெட்டு கூட இவ்ளோ சுகமா இல்ல. டெஸ்ஸாகிட்ட சொல்லிடாத, உதைப்பா” என்பான்.

“மண்ணை மிதிக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா. மத்தவனுங்க எல்லாம் கரப்பான்பூச்சியை மிதிக்கிற மாதிரி மிதிக்கிறானுங்க” என்பேன்.

எனக்குப் பிள்ளை கிடையாது. மனைவி பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஃபீனிக்ஸில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். எமெட்டை எனக்குப் பிடிக்கும். இதைச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. அவன் மேட்டில் ஏறும் நாளில் காலைச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அவனுடைய ஆறாவது வருஷம் ஆரம்பித்தது. ஏப்ரல் மாதத்திலிருந்தே செய்தித்தாளில் வேறு பேச்சில்லை. இருப்பானா, போவானா. நியூயார்க் கூப்பிடுகிறது, எங்கள் அணி முதலாளிகளால் அந்தத் தொகையில் பாதி கூடக் கொடுக்க முடியாது. முடிதிருத்தும் கடையில் அதே பேச்சு, சர்ச்சில் அதே பேச்சு. ஒரு நாள் சாப்பிடப் போனபோது லொரெய்ன் முட்டையைத் தட்டில் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

“சந்துல ஆணி அடிச்சு வெச்சுட்டேன் வெர்ன். ஒம்பதாவது ஆணி. படத்தை மாத்துறதுதான் பாக்கி.”

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரேன்.”

“நான் சும்மா இருந்தா அவன் இருந்துடுவானா? நியூயார்க்குக்காரன் கூப்பிட்டா உங்கப்பாவே கல்லறையிலேருந்து எழுந்து போயிடுவாரு.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை கழுவப் போகிற சாக்கில் சந்துக்குப் போய்ப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அடித்திருந்தாள். புது ஆணி. கையாலாகாதவன் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. அவனைப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? முதலாளிகள் என்னைக் கேட்டா முடிவெடுக்கிறார்கள்? என்னிடம் இருந்தது ஒரு மண்வெட்டியும் தண்ணீர்க் குழாயும்.

அதை வைத்துத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ஒருவன் அந்த ஒரு வருஷம் சுமாராக ஆடினால் பெரிய ஊர்க்காரனுக்கு ஆசை விட்டுப்போகும். எங்கள் ஊருக்குக் கட்டுப்படியாகும். அவனும் நன்றாக இருப்பான், ஊரும் நன்றாக இருக்கும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

மே மாதம் அணி வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வேலையைச் செய்தேன். எமெட்டுக்குக் கால் நீளம். பந்தை வீசும்போது அவன் முன்கால் வந்து ஊன்றுகிற இடம் வேறு யாருடைய காலும் படாத இடம். நடுக்கோட்டை விட்டு ஒரு சாண் தள்ளி, மற்றவர்களை விட அரையடி முன்னால். லீக் ஆட்கள் மேட்டை அளக்க வந்தால் நடுக்கோட்டைத்தான் அளப்பார்கள். அந்த இடத்தில் நாலு அங்குலம் தோண்டினேன். அடியில் மணல் கலந்த இளகின மண்ணைப் போட்டு, மேலே ஒரு அங்குலத்துக்கு நல்ல களிமண்ணைப் பரப்பி, திமிசுக் கட்டையால் அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. முதல் இருபது பந்துக்கு ஒன்றும் தெரியாது. அதன்பிறகு மேல்தோல் உடைந்து, அவன் ஊன்றும்போதெல்லாம் கால் அரை விரற்கடை உள்ளே போய் வழுக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நானே பழுது பார்ப்பதால் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி செய்து வைத்தேன்.

நான் நினைத்தபடியே நடந்தது. பந்து அங்கும் இங்கும் போயிற்று. நாலு ஆட்டத்தில் மூன்று தோல்வி. செய்தித்தாளில் நியூயார்க் பேச்சு முதல் பக்கத்திலிருந்து உள்ளே போயிற்று. எனக்குப் பசி திரும்பி வந்தது.

ஜூன் மாதம் அவன் என்னைத் தேடி வந்தான். முகமே சரியில்லை.

“பெருசு, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. மேட்டுல ஏதாவது மாத்துனியா?”

“நான் எதுக்குடா மாத்தப்போறேன்?”

“கால் நிக்கவே மாட்டேங்குது. மூணாவது இன்னிங்ஸ் ஆனா போதும், ஏதோ படிக்கட்டுல ஒரு படி தவறின மாதிரி இருக்கு.”

நான் ரசமட்டத்தை எடுத்துவந்து அவன் கண்ணெதிரே அந்த இடத்தில் வைத்தேன். காலை வேளை, மேல்தோல் கெட்டியாக இருந்தது. குமிழி நடுவில். அவன் குனிந்து பார்த்தான், விரலால் அழுத்திப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா? நீதான் இடது தோளைச் சாய்க்குற. போன வருஷம் இப்படி இல்ல” என்றேன்.

“அப்படியா பெருசு? யாரும் சொல்லலியே.”

“அவனுங்க உன் பந்தைப் பாக்கறானுங்க. நான் உன் காலைப் பாக்கறேன்.”

நம்பிவிட்டான். நம்பாமல் என்ன செய்வான், ஆறு வருஷத்தில் நான் அவனிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அன்றிலிருந்து தோளைத் தூக்கி வைத்து, கால் விட்ட குறையைக் கையால் ஈடுகட்டி வீச ஆரம்பித்தான். முழங்கையில் ஐஸ் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். பந்து வீசுகிறவர்கள் எல்லோரும் ஐஸ் கட்டுவார்கள். எனக்கு மண்ணைப் பற்றித்தான் தெரியும், முழங்கையைப் பற்றித் தெரியாது. அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள்.

ஜூலை கடைசியில் ஒரு மத்தியானம் மேட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் மனைவி டெஸ்ஸா அப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

“பெருசு, யார்கிட்டயும் மூச்சு விடாத. நானும் டெஸ்ஸாவும் பேசி முடிச்சுட்டோம். நாங்க இங்கேயேதான் இருக்கப் போறோம். ஆத்தங்கரையில வீடு கூடப் பாத்தாச்சு. நியூயார்க்கு எவ்ளோ குடுத்தாலும் சரி, வேணாம்.”

“நல்லது தம்பி” என்றேன்.

அப்போதே சரிசெய்திருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அங்கே நின்றேன், அது உண்மை. கொஞ்ச நேரம் நின்றேன். சந்தில் தொங்குகிற எட்டுப் பேரும் இதையேதான் சொன்னார்கள். இரண்டு பேர் அதே மேட்டில் நின்று சொன்னார்கள், ஒருவன் சொல்லும்போது அழுதான். எமெட்டை நான் நம்பவில்லை என்று அர்த்தமில்லை. மேடு சரியாகி, அவன் பழையபடி வீச ஆரம்பித்து, நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஃபோன் அடிக்க ஆரம்பித்தால் எந்த மனுஷன் மனசு மாறாது? தோற்றுக்கொண்டிருந்ததால்தான் அவனுக்கு இருக்கத் தோன்றியது. பலன் கொடுக்கிற காரியத்தைப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. மேல்தோலை நனைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, நாலாவது இன்னிங்ஸ். பந்து, எதிரே உட்கார்ந்து பிடிக்கிற கேட்சர் தலைக்கு மேலே எங்கோ போயிற்று. எமெட் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றான், யாரோ அவனிடம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. அரங்கத்தில் இருபதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். பயிற்சியாளர்கள் அவனைத் தாங்கி அழைத்துவந்தார்கள். என்னைத் தாண்டும்போது நின்றான்.

“மேடு நல்லாத்தான் இருக்கு பெருசு. உன்னைப் போயி சந்தேகப்பட்டேன் பாரு. என் கைதான் சரியில்ல.”

அவர்கள் அடுத்தவனைத் தயார் செய்கிற நேரத்தில் நான் போய்க் குழியை மூடி, திமிசு போட்டுச் சமன்செய்தேன். அது என் வேலை. மறுநாள் காலையில் மணலையெல்லாம் தோண்டியெடுத்துவிட்டுப் பழைய களிமண்ணையே நிரப்பினேன். அந்த மணலுக்கு இனி வேலை இல்லை.

முழங்கைத் தசைநார் அறுந்துவிட்டது. ஒரு அறுவை சிகிச்சை, அது பலிக்காமல் இன்னொன்று. குறைந்த சம்பளத்தில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் அணி அவனை விடுவித்தது. வேறு எந்த ஊரும் கூப்பிடவில்லை. ஆற்றங்கரை வீட்டில் இருந்துகொண்டு ஹார்டுவேர் கடையில் பெயின்ட் விற்கிறான். மகள் பிறந்தாள், க்ளாரா. அவளை இடது கையால் தூக்க முடியாது, வலது கையால்தான் தூக்குவான். லொரெய்ன் அவன் படத்தைக் கல்லாவுக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறாள். ஒன்பதாவது ஆணி சும்மாதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. டெஸ்ஸா கோழி வறுப்பாள், நான் அவர்கள் வீட்டுப் புல்லை வெட்டிக்கொடுப்பேன். அவனால் இயந்திரத்தைத் தள்ள முடியாது. குழந்தை என் மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுக்கும். இந்த மூன்று வருஷம் போல என் வாழ்க்கையில் எப்போதும் இருந்ததில்லை. அவன் சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருவருக்கொருவர் துணையாக இருந்தோம்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்ததும் டெஸ்ஸா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகச் சொல்லி வைத்திருப்பான் போலிருக்கிறது.

“பெருசு, மாசக் கடைசியில நாங்க கெளம்பறோம். நெப்ராஸ்காவுக்கு. மாமனாரு பண்ணையில வேலை இருக்கு.”

நான் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

“இந்த ஊர்ல எங்க திரும்பினாலும் மைதானத்து விளக்குக் கம்பம் தெரியுது. கடைக்கு வர்றவன் எல்லாம் என் கையைத்தான் பாக்கறான். என்னால முடியல பெருசு. உன்னை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கு.”

“குழந்தைக்கு இங்க ஸ்கூல் நல்லா இருக்குமே” என்றேன்.

“வீட்டை வித்தாச்சு” என்றான்.

திங்கட்கிழமை முழுக்க யோசித்தேன். இன்றைக்கு உங்களிடம் வந்துவிட்டேன். மூன்று வருஷம் கழித்து ஏன், மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எந்தத் தேதியில் எவ்வளவு மணல் போட்டேன் என்று என் வேலை நோட்டில் இருக்கிறது, தருகிறேன். வக்கீல் வேண்டாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். வழக்கு என்று வந்துவிட்டால், பாதிக்கப்பட்டவன் சாட்சி சொல்ல வேண்டியிருக்குமல்லவா? இந்த மாதிரி வழக்குகள் இரண்டு மூன்று வருஷம் கூட இழுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவரைக்குமாவது அவன் இந்த ஊரில்தானே இருந்தாக வேண்டும்?