திறந்தபடி இருக்கும் வரி

என் பெயர் சின்னத்தம்பி சதீஸ். வயது பதினேழு. புளத்கொகுபிட்டிய, மாத்தென்ன தோட்டம், கீழ்ப்பிரிவில் அம்மாவுடன் வசிக்கிறேன். தொழில் இல்லை. அந்த இடத்தில் முதலில் 'குறும்பு' என்று எழுதிவிட்டேன். அதன்மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நிலையத்தில் தமிழில் எழுதுகிறவர் இன்று வராததால், சார்ஜன்ட் ஐயா கடதாசியைத் தந்து என்னையே எழுதச் சொன்னார். காணாமற்போன என் அக்கா ஜீவராணியைப் பற்றி எழுதுகிறேன்.

அக்காவுக்கு வயது இருபத்திரண்டு. இந்த வருடம் பொங்கல் முடிந்ததும், கேகாலையில் அறை எடுத்திருந்த தரகர் கிருஷ்ணகுமார், கொழும்பில் தனியாக இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவளை அழைத்துப் போனார். வெளிநாட்டிலுள்ள மகனின் முகம் பார்க்க அந்தப் பெரியவருக்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அவர் தூங்கும் நேரத்தில் அக்கா அதில் எங்கள் பக்கத்துக்கு வருவாள்.

எங்கள் பக்கம் என்பது, டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் நிலாம் நானா தன் மாணவர்களுக்காக இணையத்தில் செய்து வைத்திருக்கும் குறிப்புப் பக்கம். அக்காவும் அங்கே படித்தவள்தான். அதில் ஒரு வரியை இருமுறை தட்டினால் அந்த வரியே, இருந்த இடத்திலேயே, எழுதும் பெட்டியாகத் திறக்கும். மாற்றிவிட்டு வெளியே ஒரு தட்டுத் தட்டினால் புதியது பதியும். பழையது போனது போனதுதான். ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது மற்றவர்களுக்கு அந்த வரி திறக்காது. இன்னார் திருத்துகிறார் என்று பக்கத்தில் சிவப்பில் காட்டும்.

தீபாவளிக்கு நான் போய்க் கூட்டி வருவதற்காக, 'நான் இருக்கும் இடம்' என்று அக்கா அதில் தன் வேலை வீட்டு விலாசத்தை எழுதினாள். எங்கே போகப்போகிறது என்று நான் அதை வேறெங்கும் குறித்து வைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிலாம் நானாவின் வகுப்பிலிருந்து அந்த வரியைத் திறந்து, விலாசத்தை அழித்துவிட்டு, 'மகாராணி அரண்மனை, சமையலறை வாசல், நாயைக் கண்டால் கும்பிட்டுவிட்டு உள்ளே வரவும்' என்று போட்டேன். அதன்பின் அக்கா கீழே எழுதினாள்: "டேய் கொரங்கு, அட்ரஸ் எங்கடா? ஒழுங்கா திருப்பிப் போடு." நான், "மறந்துட்டேங்க மகாராணி, நீங்களே வந்து போடுங்க" என்று எழுதினேன். உண்மையாகவே மறந்துதான் போயிருந்தேன். அவள், "சரி, இரு" என்றாள். அதன்பின் அந்த வரிக்குப் பக்கத்தில் 'ஜீவராணி திருத்துகிறார்' என்று வந்தது.

பதிலுக்கு என்னைக் கடிக்க ஏதோ யோசிக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்புப் பூட்டும்வரை வரி மாறவில்லை. இன்றுவரை மாறவில்லை. அவளுடைய போன் அணைந்திருக்கிறது. அதன்பின் தரகரைத் தேடிக் கேகாலைக்குப் போனேன்; அறையைக் காலி செய்துவிட்டார். அம்மா தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகாமல் நேற்று என்னுடன் வகுப்புக்கு வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. திரையில் அந்தச் சிவப்பு எழுத்தைத் தொட்டு, "இதுதான் பாப்பா பேரா?" என்று கேட்டார்.

சார்ஜன்ட் ஐயா சிங்களத்தில், "கொல்லெக் எக்க யன்ன எத்தி, மல்லி" என்றார். யாராவது பொடியனுடன் போயிருப்பாள், தம்பி என்று அர்த்தம். அப்படிப் போகிறவள், தம்பி தேடி வருவதற்கு விலாசம் எழுத உட்காரமாட்டாள். பக்கத்தை ஒழுங்காக மூடிவிட்டு எழுந்திருந்தால் சிவப்பு எழுத்தும் போயிருக்கும் என்று நிலாம் நானா சொல்கிறார். அவள் மூடவில்லை. கொழும்பில் வீடு வீடாக அடையாள அட்டை சோதனைக்கு வந்தவர்கள் அவளை வண்டியில் ஏற்றிப் போனார்களா, அந்த வீட்டிலேயே ஏதும் நடந்ததா, எனக்குத் தெரியாது.

நேற்று வகுப்பில் நிலாம் நானா, "அந்த வரியோட லொக்க ஒடச்சி விடட்டுமா தம்பி? நீ எழுதலாம்" என்றார். "வேணாம் நானா, அவ வந்து முடிக்கட்டும்" என்றேன். எந்த இணைப்பிலிருந்து அந்த வரி திறக்கப்பட்டது என்ற இலக்கத்தை அவர் எடுத்துத் தந்தார். அதை இத்துடன் தருகிறேன். அது எந்த வீடு என்று தொலைபேசிக் கம்பனிக்குத் தெரியும்; பொலிஸ் கடிதம் இல்லாமல் சொல்லமாட்டார்கள். அந்தக் கணக்கை அவர்கள் நீண்ட நாள் வைத்திருப்பதும் இல்லையாம். கடிதத்தை இன்றே தரும்படி கேட்கிறேன். நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இதில் பிழை வந்தால் அழிக்கக்கூடாது, பழையது வாசிக்கத் தெரியும்படி ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் கையொப்பம் வைக்க வேண்டும் என்று சார்ஜன்ட் ஐயா சொன்னார். அப்படியே செய்திருக்கிறேன். காணாமற்போனவரின் கடைசி விலாசம் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். வெறும் இடத்தைக் கோடு கிழித்து அடைப்பது இங்கே வழக்கமாம். தயவுசெய்து அதை மட்டும் அடைக்க வேண்டாம்.

மேலே உள்ளதெல்லாம் நான் என் கையால் எழுதி, திரும்ப வாசித்துப் பார்த்த உண்மை. இதில் ஒரு வரியும் விளையாட்டுக்கு எழுதியது இல்லை.

சி. சதீஸ்
புளத்கொகுபிட்டிய
2008.10.17